தங்கமீன் தொட்டியில் ஒரு கீரைப்பாத்தி

"கோல்டுஃபிஷ்ஷுக்குப் போய் செடி எதுக்குக்கா? ஒரே ராத்திரியில மேஞ்சிடும். பிளாஸ்டிக் செடி எடுத்துக்குங்க, வருஷக்கணக்கா அப்படியே இருக்கும்."

மூன்று வருடத்துக்கு முன்னால் கொளத்தூரில் ஒரு மீன் கடைத் தம்பி சொன்னது இது. நான் கேட்கவில்லை. மூன்று கட்டு கபோம்பா வாங்கி வந்து, மகனும் நானுமாகத் தொட்டியில் நட்டோம். ஒரே ராத்திரியில் மேயவில்லை, இரண்டு ராத்திரி ஆனது. மூன்றாம் நாள் காலையில் வெறும் தண்டுகள் மிதந்தன, பந்தி முடிந்த இலையில் கிடக்கும் முருங்கைக்காய்ச் சக்கை மாதிரி. மீன்கள் இரண்டும் வயிறு புடைக்க ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தன.

அந்தத் தம்பி சொன்ன தகவல் சரிதான். அதிலிருந்து அவர் வந்த முடிவுதான் தப்பு என்று இப்போது சொல்வேன். தங்கமீன் செடியைத் தின்னும் என்பதாலேயே அதன் தொட்டியில் செடி இருக்க வேண்டும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தங்கமீன் என்பது கெண்டைக் குடும்பம். சீனாவில் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக வளர்த்து, பொறுக்கி, நிறத்தை மாற்றினார்கள், வாலை இரண்டாக்கினார்கள், கண்ணைப் பிதுங்க வைத்தார்கள். வாய் மட்டும் கெண்டை வாயாகவே இருக்கிறது. தரையைக் கிளறும், கல்லை வாயில் போட்டுச் சப்பித் துப்பும், பச்சையாக எது ஆடினாலும் போய்க் கடிக்கும். அதற்கு இரைப்பை என்று ஒன்று கிடையாது. பற்கள் தொண்டையில் இருக்கின்றன. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டே இருக்கப் பிறந்த உடம்பு அது. நாமோ காலையில் நாலு உருண்டை, சாயங்காலம் நாலு உருண்டை போட்டுவிட்டு, மிச்ச நேரமெல்லாம் பிளாஸ்டிக் செடியைப் பார்த்துக்கொண்டிரு என்கிறோம். எங்கள் வீட்டு மீன் அந்தப் பிளாஸ்டிக்கையும் கடித்துப் பார்த்தது. பாவமாக இருந்தது.

அதனால் தொட்டிச் செடியை நான் இரண்டு விதமாகத்தான் பார்க்கிறேன். ஒன்று, தின்னக் கொடுப்பது. மற்றது, தின்ன முடியாதது. முதல் வருடம் எல்லாவற்றையும் அழகுக்காக வாங்கியதால்தான் அவ்வளவு வருத்தம்.

தின்னக் கொடுப்பதில் முதலிடம் வேலம்பாசிக்கு. கடையில் ஹைட்ரில்லா என்று கேட்டால் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் புனலைக் கவிழ்த்து, அதன் மேல் சோதனைக் குழாயை வைத்து, குமிழ் வருகிறதா என்று உட்கார்ந்து பார்த்தோமே, அதே செடி. பால்கனியில் ஓரமாக ஒரு பழைய பிளாஸ்டிக் டப். அதில் தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீர், கொஞ்சம் வெயில். அவ்வளவுதான், தானாக வளர்கிறது. வாரம் ஒரு கைப்பிடி பறித்துத் தொட்டியில் போடுவேன். நாத்தனார் வீட்டில் மாட்டுக்கு வளர்க்கும் அசோலாவிலிருந்தும் ஒரு டப்பா கொண்டுவந்தேன். அதன் வேர்களைத்தான் எங்கள் மீன்கள் முதலில் கடித்து இழுக்கும், சேமியா உறிஞ்சுகிற மாதிரி. டப்பில் கொசு வராதா என்று கேட்பீர்கள். வரும். நாலு கப்பி மீன் விட்டேன், பிரச்சினை தீர்ந்தது.

தின்ன முடியாத வகையில் என் அனுபவத்தில் இரண்டுதான் நிலைத்து நின்றன: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன். இலை தோல் மாதிரி தடிப்பு. மீன் ஒரு தடவை கடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஆனால் இங்கேதான் நான் முட்டாள்தனம் செய்தேன். செடி என்றால் மண்ணில் நட வேண்டும் என்ற பழக்கத்தில், இரண்டையும் கூழாங்கல்லுக்குள் ஆழமாகப் புதைத்தேன். இவற்றுக்கு இஞ்சி மாதிரி ஒரு தண்டு படுக்கையாக ஓடும். அது வெளியே இருக்க வேண்டும், புதைத்தால் அழுகிவிடும். அழுகியது. இருநூற்றைம்பது ரூபாய் அனுபியாஸ் கொழகொழவென்று கையோடு வந்தது. அடுத்த தடவை கருங்கல்லில் வைத்துத் தையல் நூலால் கட்டினேன். மீன் அதையும் இழுத்துப் போட்டது. கடைசியில் ஃபெவிக்விக் ஒரு சொட்டு வைத்துக் கல்லில் ஒட்டினேன். தண்ணீருக்குள் அது இறுகிவிடும், மீனுக்குத் தொந்தரவில்லை. இரண்டரை வருடமாக அதே கல்லில் இருக்கிறது. மாதத்துக்கு ஓர் இலை விட்டால் அதிகம். அவசரக்காரர்களுக்கான செடி இல்லை. ஜாவா ஃபெர்ன் கொஞ்சம் வேடிக்கையானது, பழைய இலையின் முதுகிலேயே குட்டிச் செடி முளைக்கும். என் மகன் அதை எண்ணிக்கொண்டிருப்பான்.

இந்த இரண்டு வகைக்கும் நடுவில் வாலிஸ்னேரியா. நீள நீளமாகக் கோரை மாதிரி இலை. கடிபடும், ஆனால் கடிக்கிற வேகத்துக்கு ஈடாக வளர்ந்துவிடும், வேர் மட்டும் பிடித்திருந்தால். அந்த வேரைக் காப்பாற்றத்தான் மண்சட்டி. சின்னச் சட்டியில் நட்டு, மேலே மீன் வாய்க்குள் போகாத அளவு பெரிய கூழாங்கல்லாகப் பரப்பினேன். பொடிக்கல் வேண்டவே வேண்டாம், தங்கமீன் வாயில் சிக்கிக்கொள்ளும். எங்கள் போர் தண்ணீர் கடினத் தண்ணீர், பக்கெட்டில் வெள்ளை படியும். வாலிஸ்னேரியாவுக்கு அது பிடிக்கிறது. குக்கர் கெட்டுப்போகிற தண்ணீரில் ஒரு ஜீவனாவது சந்தோஷமாக இருக்கிறது.

கிரிப்டோகோரைன் செடி வாங்கலாமா என்று கேட்டு இரண்டு பேர் இன்பாக்ஸில் வந்தார்கள். கடையில் இதை ஏதோ ஐரோப்பாவிலிருந்து வந்தது போல விற்கிறார்கள். அதிகம் விற்கிற வெண்டியை என்ற இனத்தின் சொந்த ஊர் இலங்கை ஓடைகள். அழகான செடிதான். ஆனால் இடம் மாறினால் இலையெல்லாம் கரைந்து, பிறகு வேரிலிருந்து புதிதாக வரும். அந்தப் புதுத் தளிர் வருவதற்குள் தங்கமீன் கிளறிப் போட்டுவிடும். பொறுமை இருந்தால் சட்டியில் முயன்று பாருங்கள்.

இப்போது என் பெரிய மனக்குறைக்கு வருகிறேன். உப்பு. மீன் சோர்ந்தால் உப்பு, செதிலில் புள்ளி வந்தால் உப்பு, ஒன்றுமே இல்லாவிட்டாலும் தண்ணீர் மாற்றும்போது ஒரு கை கல் உப்பு. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள். தங்கமீன் தாங்கும். எல்லாச் செடியும் தாங்காது. "எங்க வீட்ல செடியே நிக்க மாட்டேங்குது" என்கிற பலரிடம் கேட்டுப் பார்த்தேன், உப்பு போடுகிறவர்கள்தான் அதிகம். பழி மட்டும் மீன் மேல். மீனுக்கு வைத்தியம் தேவையென்றால் தனி வாளியில் வைத்துச் செய்யுங்கள்.

அடுத்தது வெயில். வெளிநாட்டு வீடியோக்களில் தங்கமீன் குளிர்நீர் மீன், அதனோடு வெப்பமண்டலச் செடி சேராது என்பார்கள். சென்னையில் அந்தக் கவலை தலைகீழ். சித்திரையில் எங்கள் தொட்டித் தண்ணீர் 31 டிகிரியைத் தொடும். அனுபியாஸுக்கு அது பழகிய சூடுதான், மூச்சு வாங்குவது மீனுக்கு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். போதாக்குறைக்கு விளக்கு அணைந்ததும் செடியும் ஆக்சிஜனை உறிஞ்ச ஆரம்பிக்கும். செடி வைத்தாயிற்றே என்று ராத்திரியில் ஏர் பம்ப்பை நிறுத்தாதீர்கள். நான் ஒரு முறை சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று நிறுத்தினேன். காலையில் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நல்லவேளை, பிழைத்தன.

செடி இருந்தால் தண்ணீரே மாற்ற வேண்டாம் என்று எழுதுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. தங்கமீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். செடி அதை உரமாக எடுத்துக்கொள்கிறது, உண்மை. ஆனால் மாதம் ஓர் இலை விடும் அனுபியாஸ் எவ்வளவுதான் எடுக்கும்? இந்த வேலையை ஒழுங்காகச் செய்வது எங்கள் வீட்டில் மணி பிளாண்ட்தான். தண்டை வெட்டித் தொட்டியின் பின்பக்கம் செருகிவிட்டேன். வேர் தண்ணீருக்குள், இலை வெளியே ஜன்னல் கம்பியில். மீன் வேரைக் கொறிக்கிறது, அது அதைவிட வேகமாக வளர்கிறது. அப்படியும் வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுகிறேன். அந்தத் தண்ணீர் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகும். அத்தைக்கு மீன் வளர்ப்பதில் இருந்த கோபமெல்லாம் கறிவேப்பிலை தழைத்ததும் போய்விட்டது.

அழகு? இல்லை. பச்சைக் கம்பளம் விரித்து, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்து, படத்தில் வருகிற மலைக்காடு மாதிரி தொட்டி வேண்டுமென்றால் டெட்ரா மாதிரி சின்ன மீன் வளருங்கள். எங்கள் தொட்டியில் பாதி இலை கடிபட்டிருக்கும், கண்ணாடியில் பாசி இருக்கும், சில வாரம் தண்ணீரே பச்சையாகிவிடும். ஜப்பானில் ரஞ்சு என்ற தங்கமீன் வகையை வளர்ப்பவர்கள் அந்தப் பச்சைத் தண்ணீரை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள் என்று தெரிந்த பிறகு நான் அதற்காக அலட்டிக்கொள்வதில்லை. சொல்ல மறந்துவிட்டேனே, மிஞ்சிய செடியைத் தயவுசெய்து ஏரியில் கொட்டாதீர்கள். ஆகாயத்தாமரை மூடிய ஏரிகளைப் பார்த்தது போதும். வெயிலில் காயவைத்துச் செடிகளுக்கு உரமாகப் போடுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் கட்டைவிரல் நீளம் இருந்த மீன்கள் இப்போது என் கையளவு ஆகிவிட்டன. இந்த மூன்றடித் தொட்டி இனிமேல் போதாது. மொட்டை மாடியில், நிழல் விழுகிற பக்கமாக ஒரு சிமெண்ட் தொட்டி கட்ட எவ்வளவு ஆகும் என்று கொத்தனாரிடம் விசாரித்து வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பதிவை இவ்வளவு தூரம் படித்தால் அவரே தெரிந்துகொள்வார்.