பெர்லின் பெயரை மாற்றியது கனடா அரசா?

'முதல் உலகப்போரில் கனடா அரசு உத்தரவு போட்டு ஒன்டாரியோவின் பெர்லின் நகரைக் கிச்சனர் ஆக்கியது. ஜெர்மானியச் சங்கங்களும் அத்தோடு அழிந்தன' என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

பெயரை மாற்றியது ஊர்க்காரர்களின் வாக்கு. 1916 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் மாற்றத்துக்கு ஆதரவாக 1,569, எதிராக 1,488. வெறும் 81 வாக்கு வித்தியாசம்! ஆனால் அது அமைதியான சூழலில் நடந்த வாக்கெடுப்பு அல்ல, இதையும் சொல்லியாக வேண்டும். 1914-லேயே விக்டோரியா பூங்காவில் இருந்த ஜெர்மனியின் பேரரசர் (கைசர்) முதலாம் வில்ஹெல்மின் மார்பளவுச் சிலையை ஏரிக்குள் தள்ளினார்கள். 1916 பிப்ரவரியில் கனடாப் படைவீரர்கள் அந்த ஊர் ஜெர்மானியர்களின் கான்கார்டியா சங்கத்துக்குள் புகுந்து சூறையாடினார்கள். அந்த அச்சத்தோடுதான் பலர் வாக்குச்சாவடிக்குப் போயிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். புதிய பெயர் செப்டம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது.

சரி, சங்கங்கள்? 1873-இல் பாடகர் குழுவாகத் தொடங்கிய அதே கான்கார்டியா போர்க்காலத்தில் முடங்கியது உண்மை. அப்புறம் மீண்டும் எழுந்தது. இன்றும் இயங்குகிறது, 1969 முதல் நகரமே கொண்டாடும் அக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஜெர்மானிய விழாவின் கூடங்களில் அதுவும் ஒன்று. அழிந்துபோன சங்கத்தில் எப்படி இசைக்குழு வாசிக்கும்?