முதலில் வீடுகளுக்குப் போங்கள்

ஓய்வுபெற்ற ஒரு தம்பதி ஊரைவிட்டுக் கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு வந்து கிறிஸ்தவ சபை ஊழியம் தொடங்குவதைப் படித்து மனம் நிறைந்தது. இந்த வயதில் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். 1813 இறுதியில் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குப் புறப்பட்ட வெஸ்லியன் (மெதடிஸ்த) மிஷனரிகளின் தலைவர் தோமஸ் கோக்குக்கு அப்போது 66 வயது. பாவம், வழியில் கடலிலேயே இறந்துபோனார். கூட வந்தவர்கள் பணியைத் தொடர, 1816இல் கொழும்பு புறக்கோட்டையில் ஆலயம் எழும்பியது.

அங்கிள், அன்ரி, கொஞ்சம் சிங்களமும் பழகிக்கொள்ளுங்கள். இங்கே பக்கத்து வீட்டுக்கு அது வேண்டும். அப்புறம், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஃபிளாட்டில் தனியாக இருக்கும் முதியவர்களிடம் முதலில் போங்கள். என் அம்மாவின் கடைசி வருடத்தில் இப்படி ஒரு தம்பதி செவ்வாய்தோறும் வருவார்கள். ஜெபம் ஐந்து நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் அம்மாவின் பழைய கதைகளைக் கேட்பார்கள். செவ்வாய் காலையிலேயே அம்மா சேலை மாற்றிக்கொண்டு கதவருகில் உட்கார்ந்துவிடுவார்.