அசைன்மென்ட்டை யார் எழுதியது என்பது இருக்கட்டும், யார் படித்தது?

பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. என்று எதைப் படித்தவராக இருந்தாலும் இந்தத் தலைப்பு உங்களுக்கு அத்துப்படியாக இருக்கும்: "எ ஸ்டடி ஆன் கஸ்டமர் சாட்டிஸ்ஃபேக்‌ஷன் டுவர்ட்ஸ்... வித் ஸ்பெஷல் ரெஃபரன்ஸ் டு கோயம்புத்தூர் சிட்டி." நடுவில் உள்ள புள்ளிகளில் செல்போனோ டூத்பேஸ்டோ போட்டுக்கொள்ளலாம். ஊர்ப் பெயரை மாற்றினால் அடுத்த ப்ராஜெக்ட் தயார். நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து, சதவீதம் போட்டு, கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் டெஸ்ட் ஒன்றும் சேர்த்து, அட்டையில் தங்க எழுத்து அடித்து பைண்டிங் பண்ணிக் கொடுத்தால் டிகிரி கையில்.

அந்த நூறு பேர் யார்? ஹாஸ்டல் அறையில் நான்கைந்து பையன்கள் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பேனாவை வைத்துக்கொண்டு, கையெழுத்தைக் கொஞ்சம் சாய்த்தும் நிமிர்த்தியும் நிரப்பிய தாள்கள். வயது, மாத வருமானம், 'திருப்தி', 'மிகவும் திருப்தி'. எல்லாருக்கும் ஒரே கருத்தாகிவிட்டால் சந்தேகம் வரும் என்பதால் நடுநடுவே ஒன்றிரண்டு 'அதிருப்தி'. இது தெரியாத கைடு யாராவது இருக்கிறார்களா என்ன? தெரிந்தும், இது மாணவரின் சொந்த வேலை என்று சான்று சொல்லும் பொனஃபைடில் கையெழுத்து விழுந்துவிடும். பொறியியல் பக்கம் கதை வேறு, சாரம் ஒன்று: 'ஐட்ரிபிள்ஈ டைட்டில்ஸ்' (ஆய்விதழ்த் தலைப்புகள்) என்று போர்டு வைத்த ப்ராஜெக்ட் சென்டரில் காசைக் கட்டினால் கோடும் கிடைக்கும், வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் கிடைக்கும்.

இப்போது ஹாஸ்டல் கூட்டம் தேவையில்லை. நூறு பேரின் பதிலையும் எக்செல் அட்டவணையாகவே கொடு என்று ஏஐயிடம் கேட்டால் டீ ஆறுவதற்குள் வந்துவிடும், 'அதிருப்தி' உட்பட. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30 அன்று. 2025-ல் ஏர்டெல் சிம் வைத்திருந்தால் பெர்ப்ளெக்சிட்டி ப்ரோ என்ற ஏஐ செயலி ஒரு வருடம் இலவசம் என்றார்கள். அதே ஆண்டில் ஜியோக்காரர்கள் கூகுளின் ஜெமினி ப்ரோவை 18 மாதம் இலவசமாகத் தந்தார்கள். ரீசார்ஜோடு சேர்ந்து வருகிற பொருளை 'வகுப்பில் தடை செய்கிறோம்' என்று சர்க்குலர் விடுவதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

ஏதோ ஒரு நேர்மையான முறையை ஏஐ வந்து கெடுத்துவிட்டது என்ற புலம்பலில் எனக்கு உடன்பாடில்லை. போலி ஏற்கெனவே இருந்தது; அதற்குக் கொஞ்சம் உடலுழைப்பு தேவைப்பட்டது, அவ்வளவுதான். மாணவன் அந்த நூறு பக்கத்தை எழுதவில்லை, சரி. ஆசிரியர்களான நாம் படித்தோமா? எக்ஸ்டர்னலாக வந்தவர் படித்தாரா? அட்டை, பொருளடக்கம், கடைசி அத்தியாயத்தில் 'ஃபைண்டிங்ஸ்', இதைத் தாண்டி எந்தப் பக்கமும் புரள்வதில்லை. படிக்க ஆளில்லாத ஒன்றை எழுத மட்டும் ஆள் எதற்கு என்று ஒரு பையன் நினைத்தால் அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கல்லூரிகள் கண்டுபிடித்த முதல் வைத்தியம், "கையால் எழுதி வா." போனை டிபன் பாக்ஸில் சாய்த்து வைத்துக்கொண்டு, திரையில் வந்த பதிலை ஏ4 தாளில் வரிவரியாக இறக்குகிறார்கள். தலைப்புக்குக் கறுப்பு மை, உள்ளே நீலம், ஸ்கேல் வைத்து மார்ஜின். ஒரு பையன், எழுத்தைத் தடித்துக் காட்ட ஏஐ போடும் நட்சத்திரக் குறிகளையும் விடாமல் இரண்டிரண்டாக வரைந்திருந்தான். அவ்வளவு சிரத்தை! கை வலித்ததற்கு மார்க் போடலாம், வேறு எதற்கென்று தெரியவில்லை.

இரண்டாவது வைத்தியம் கண்டுபிடிக்கும் மென்பொருள். 'இந்தக் கட்டுரை 78 சதவீதம் ஏஐ' என்று அது சொன்னால் ஏதோ ரத்தப் பரிசோதனை முடிவு போல நம்பிவிடுகிறோம். சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அதனால் அடையாளம் காண முடிந்தது. துல்லியம் போதாது என்று ஜூலையில் அவர்களே எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை ஏஐ எழுதியதாகத் தவறாக முத்திரை குத்தப்பட்டன. காரணம் எளிமையான சொற்கள், ஒரே மாதிரி வாக்கியங்கள். இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ப்ளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, கல்லூரியில் நோட்ஸை மனப்பாடம் செய்து ஆங்கிலத்தில் எழுதுகிற நம் பிள்ளைகள். அவர்களுடைய ஆங்கிலம் அப்படித்தானே இருக்கும்? சொந்தமாக எழுதியவள் மாட்டுவாள்; 'இதை மனிதன் எழுதியது போல மாற்று' என்று இன்னொரு தடவை ஏஐயிடமே கேட்கத் தெரிந்தவன் தப்பிப்பான்.

மனிதக் கண் மட்டும் கண்டுபிடித்துவிடுமா? இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 33 போலி மாணவர்களின் பெயரில், வீட்டிலிருந்து எழுதும் உளவியல் தேர்வுக்கு ஏஐ எழுதிய விடைகளை நைசாக அனுப்பிப் பார்த்தார்கள். திருத்தியவர்களுக்கு விஷயம் தெரியாது. 94 சதவீதம் மாட்டவேயில்லை. மார்க்கும் சராசரியில் நிஜ மாணவர்களைவிட அதிகம். 2024-ல் வெளியான முடிவு இது. ஆக, தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யார் எழுதியது என்று துப்பறிகிற வேலையை விட்டுவிடலாம்.

அப்புறம் என்னதான் செய்வது? கருத்தரங்கில் 'ஆதென்டிக் அசெஸ்மென்ட்' என்று ஸ்லைடு போடுவார்கள். எனக்கு அதில் புரிந்தது இவ்வளவுதான்: வெளியே போய் அந்தத் துறையில் செய்யப்போகிற வேலையைப் போன்ற ஒன்றைக் கொடு, செய்யவிடு, அப்புறம் எதிரே உட்காரவைத்துக் கேள்.

இரண்டாம் ஆண்டு பி.காம். வகுப்பில் இப்படிச் செய்தோம். 'சிறு வணிகத்தில் டிஜிட்டல் பணப் பரிமாற்றத்தின் நன்மைகள்' என்று ஏஐயிடமே ஒரு பக்கம் வாங்கிக்கொள்ளுங்கள். அதை எடுத்துக்கொண்டு உங்கள் தெருக் கடை ஒன்றில் ஒரு மாலை உட்காருங்கள். அந்தப் பக்கத்தில் எந்த வரி அந்தக் கடைக்குப் பொருந்தவில்லை என்று சிவப்பு மையில் எழுதி வாருங்கள்.

ஒரு மாணவி கொண்டுவந்த தாளில் 'வெளிப்படைத்தன்மை அதிகரிக்கிறது' என்ற வரி முழுதாக அடிக்கப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"சார், அண்ணாச்சி கியூஆர் ஸ்டிக்கர எடுத்து கல்லாப்பெட்டிக்குள்ள வச்சிட்டாரு சார். தெரிஞ்சவங்க கேட்டா மட்டும் காட்டுறாரு."

2025 ஜூலையில் பெங்களூருவில் யுபிஐ வரவுக் கணக்கை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது நினைவிருக்கும். அந்தச் செய்தி வாட்ஸ்ஆப் வழியாக இவருடைய கடைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தானே ஜிஎஸ்டி பதிவு என்று கேட்டேன். "நானும் சொன்னேன் சார். 'நாப்பது லட்சம் விக்கிறேனா இல்லையான்னு எனக்கே தெரியாதும்மா, நோட்டுல கடன்தான் எழுதுவேன், வித்தத எங்க எழுதுறேன்'னாரு." அப்படியானால் அவருக்கு எந்த மாதிரி கணக்குப் புத்தகம் பொருந்தும் என்று பேச்சு போனது. சிங்கிள் என்ட்ரி, முழுமையற்ற பதிவேடுகள் என்று ஒரு அத்தியாயம் முழுக்க அவள் வாயிலிருந்து, அந்த வார்த்தைகள் எதுவும் இல்லாமலேயே வந்தது, தமிழில். செமஸ்டர் தேர்வில் அதே பகுதியில் அவள் பார்டர் பாஸ்.

உடனே ஒரு நண்பர் மடக்கினார்: "அடுத்த வருஷம் அண்ணாச்சியையும் ஏஐயே உருவாக்கிக் கொடுக்கும்." கொடுக்கட்டும். பத்து நிமிடம் எதிரே உட்கார்ந்து பேசும்போது, பார்க்காத கடை நான்காவது கேள்வியிலேயே ஆட்டம் காணும். ஆட்டம் காணவில்லை என்றால் பையன் ஏஐயை வைத்தாவது விஷயத்தை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அதற்கு மார்க் போடுவதில் எனக்கு வருத்தமில்லை.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறு. நேரில் பேசி மார்க் போடுவது என்றால் முகம் தெரிந்து மார்க் போடுவது. "இன்டர்னல்ல கை வச்சிருவேன்" என்று மிரட்டும் ஆசிரியரைப் பார்க்காமல் இங்கே யாரும் டிகிரி முடித்ததில்லை. பிடிக்காத மாணவன், எதிர்த்துக் கேள்வி கேட்ட மாணவி, சாதி, ஊர் என்று எல்லாமே அந்த அறைக்குள் வந்து உட்காரும். டம்மி நம்பர் போட்ட விடைத்தாளில் எத்தனை குறை இருந்தாலும், திருத்துகிறவருக்கு அது யாருடையது என்று தெரியாது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு அது ஒரு காப்பு. அதை எடுத்துவிட்டு 'நேர்காணல் மதிப்பீடு' என்று கொண்டுவந்தால், சரளமாகப் பேசுகிறவனுக்கும் சார்களுக்கு வேண்டியவனுக்கும்தான் லாபம். திக்கிப் பேசுகிற பிள்ளை என்ன செய்யும்? அதனால் செமஸ்டர் தேர்வை ஒழித்துவிடலாம் என்று சொல்பவர்களோடு நான் இல்லை. வைவா என்றால் இரண்டு பேர் உட்கார வேண்டும், ஒருவர் வேறு துறையாக இருக்க வேண்டும், பேச்சு பதிவாக வேண்டும், மொழியை மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டும், பேச முடியாதவர் அங்கேயே எழுதிக் காட்டலாம்.

ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகம் 2025 முதல் தேர்வுகளை இரண்டாகப் பிரித்துவிட்டது. கண்காணிப்போடு நடப்பவை ஒரு பக்கம். ஏஐயைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பவை மறுபக்கம். இரண்டுங்கெட்டான் நிலை கிடையாது. யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதை அப்படியே பிரிண்ட் எடுத்து இங்கே ஒட்டினால் ஓடாது. எங்கள் பிரச்சினை விதியில் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

கணக்குப் போடுவோம். ஒரு வகுப்பில் 60 பேர். தலைக்கு 10 நிமிடம் என்றால் 600 நிமிடம், அதாவது 10 மணி நேரம். இது ஒரு பாடத்துக்கு, ஒரு தடவை, உட்காரும் இருவரில் ஒவ்வொருவருக்கும். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கணக்குப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. மீதி நேரத்தில் திருத்துவதும் கேள்வித்தாள் தயாரிப்பதும் போக, கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் கமிட்டிக்காக, பாடத்தின் இலக்குகளைப் பட்டப்படிப்பின் இலக்குகளோடு பொருத்திக் காட்டும் சிஓ-பிஓ மேப்பிங் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் இது நினைவைச் சோதிக்கும் கே1-ஆ, பகுத்தாய்வதைச் சோதிக்கும் கே4-ஆ என்று போட வேண்டும். அந்த அட்டவணைகளை இப்போது பல துறைகளில் ஏஐதான் நிரப்புகிறது என்பது ஊரறிந்த ரகசியம். மாணவன் ஏஐயில் எழுதுகிறான், ஆசிரியர் ஏஐயில் ஃபைல் போடுகிறார், கமிட்டி வந்து எடை பார்த்துவிட்டுப் போகிறது.

இதில் கௌரவ விரிவுரையாளர்களை நினைத்துப் பாருங்கள். யுஜிசி 2019-ல் சொன்னது மாதம் 50,000 ரூபாய் வரை. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் 2025-ல் கையில் வந்தது அதில் பாதி. பல துறைகள் அவர்கள் தோளில்தான் நிற்கின்றன. அவர்களிடம் போய் 'ஒவ்வொரு மாணவரோடும் பத்து நிமிடம் உட்காருங்கள்' என்று எந்த முகத்தோடு சொல்வது?

அதனால் பாடத்திட்டத்தை முடிவு செய்யும் எங்கள் துறையின் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூடும்போது நான் கேட்கப்போவது மென்பொருள் வாங்கும் பட்ஜெட்டை அல்ல. ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு பாடத்தில் மூன்று அசைன்மென்ட், ஒரு செமினார் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, ஒரே ஒரு களப்பணி, அதற்கு ஒரு வைவா. அந்த 10 மணி நேரத்தை வொர்க்லோடில் எழுதிக் காட்ட வேண்டும், ஓசியில் அல்ல. எழுதிக் காட்ட மாட்டோம் என்றால் பழையபடி ஏ4 தாளையே வாங்கிக்கொள்ளலாம், நட்சத்திரக் குறியோடு.

வேறு கல்லூரிகளில் இரண்டு பேர் உட்கார்ந்து வைவா நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால், டைம்டேபிளில் அதை எங்கே நுழைத்தீர்கள் என்று கமென்ட்டில் சொல்லுங்கள். எங்கள் முதல்வர் முதலில் கேட்கப்போகிற கேள்வி அதுதான்.