20×50 பற்றி ஒரு திருத்தம்

“சுண்டிக்குளம் களப்பில் பூநாரை பார்க்க 20×50 பைனாகுலர் வாங்குங்கள், பெருக்கம் கூடக்கூடத் தெளிவும் கூடும்” என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. இதை நம்பி யாரும் காசைக் கொட்டிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

20×50 என்றால் 20 மடங்கு பெருக்கம், 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள முன்வில்லை. பறவையோடு சேர்ந்து உங்கள் கைநடுக்கமும் 20 மடங்காகும். அப்படியொன்றைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடியில் நின்றிருக்கிறேன். சேற்றில் அமைதியாக மேய்ந்த உள்ளான், கடற்காற்றில் என் கண்ணுக்குள் துள்ளிக்கொண்டிருந்தது. வெயில் ஏறியதும் களப்பின் மேல் எழும் கானலும் பெரிதாகி, எல்லாம் நெளியத் தொடங்கிவிட்டது.

வெளிச்சக் கணக்கும் இருக்கிறது. இரண்டாவது எண்ணை முதலாவதால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் மில்லிமீற்றரில் கிடைக்கும். 20×50க்கு 2.5, 8×42க்கு 5.25. நடுப்பகலில் இது பெரிய விடயமில்லை. விடியற்காலையில், பறவைகள் இரை தேடும் நேரத்தில், முன்னையது மங்கிவிடும். பார்வைப் பரப்பும் ஒடுங்குவதால், பறக்கும் கூட்டத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பூநகரிப் பக்கம் போய்விடும்!

பறவை பார்ப்பவர்கள் பெரும்பாலும் 8×42 அல்லது 10×42 எடுப்பது இதனால்தான். விலை கூடிய கருவிகளில் காசு போவது கண்ணாடியின் தரத்துக்கும் அதன் மேற்பூச்சுக்கும் நீர் புகாத அடைப்புக்கும். பயணத்தில் பாரம் குறைய வேண்டுமென்றால் 8×32 போதும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றாமலே கடையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் 20×50ஐ விற்றுவிட வேண்டாம், அண்ணா. முக்காலியில் பூட்டினால் நிலவு பார்க்க நன்றாக இருக்கும்.