‘சொல்ல முடியாது’ என்பதும் ஒரு விடைதான்

பொங்கல் விழா மேடையில் என் காணொளித் துண்டைத் திரையிட்டு அரங்கமே சிரித்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தத் துண்டு நான் இல்லாத குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருப்பதாலும், எனக்கு ‘மதில்மேல் பூனை’ என்று பட்டம் சூட்டியவர்களில் சிலர் என் வீட்டில் கை நனைத்தவர்கள் என்பதாலும், ஒருமுறை முழுமையாகப் பேசிவிடுகிறேன். 2024 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முந்தைய இரவு நேரலையில், யார் வெல்வார் என்று கேட்டு, “டிரம்பா, கமலாவா, ஒரே சொல்லில் சொல்லுங்கள்” என்றார்கள். “சொல்ல முடியாது” என்றேன். அதற்கு முன்னும் பின்னும் நான் கொடுத்த விளக்கம் முழுவதையும் யாரோ கவனமாக வெட்டி எறிந்திருக்கிறார்கள். அன்றைய தகவல்களை மட்டும் கையில் கொடுத்து இன்று மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அன்றைக்குக் கையில் என்ன இருந்தது என்பதைப் பாருங்கள். நாங்கள் வசிக்கும் பென்சில்வேனியாவில் நியூயார்க் டைம்ஸும் சியனா கல்லூரியும் எடுத்த கடைசிக் கருத்துக்கணிப்பு 48க்கு 48 என்று நின்றது. கருத்துக்கணிப்புகளைத் தொகுத்துத் தேர்தலைக் கணிக்கும் நேட் சில்வர் தன் கணினி மாதிரியில் தேர்தலை 80,000 முறை ஓட்டிப் பார்த்ததில் கமலா ஹாரிஸ் 40,012 முறை வென்றார். இதைவிடச் சமமாக ஒரு தராசு நிற்க முடியுமா? முடிவில் பென்சில்வேனியாவில் டிரம்ப் ஏறத்தாழ 1.7 புள்ளிகளில் வென்றார். சில ஆயிரம் பேரிடம் கேட்டு எடுக்கும் எந்தக் கணிப்பும் அவ்வளவு சிறிய இடைவெளியை முன்கூட்டிக் காட்டாது. எதிர்பார்க்க வேண்டிய பிசகே அதைவிடப் பெரியது.

அந்தச் ‘சில ஆயிரம் பேர்’ எப்படிக் கிடைக்கிறார்கள் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அந்த அக்டோபர் முழுவதும் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவே இல்லை. ஒரு நாள் மாலை, தோசைக்கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்த என் கணவர், “கருத்துக்கணிப்பு” என்ற சொல் காதில் விழுந்ததுமே துண்டித்துவிட்டார். நூறு பேரை அழைத்தால் ஒருவரோ இருவரோதான் கடைசிவரை பேசுகிறார்கள். பேசாதவர்களின் மனத்தைப் பேசியவர்களை வைத்து ஊகிக்க வேண்டும். எப்படி ஊகிப்பது என்பதில்தான் அத்தனை சிக்கலும் இருக்கிறது. விழாவில் என்னைப் பார்த்து மிக உரக்கச் சிரித்தவர்களில் என் கணவரும் ஒருவர் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

“இழுபறி என்றீர்கள், இழுபறி மாகாணங்கள் ஏழையும் டிரம்ப் அள்ளிவிட்டாரே, மாகாணவாரியான தேர்வாளர் வாக்குகளில் 312க்கு 226 என்பது இழுபறியா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் இதற்கு நேரலையிலேயே விடை சொல்லியிருந்தேன். வெட்டப்பட்டதில் அதுவும் அடக்கம். யார் வெல்வார் என்பது சமமாக நிற்கிறது என்றால், வெற்றி மயிரிழையில்தான் அமையும் என்று பொருளில்லை. பென்சில்வேனியாவில் கணிப்பு ஒரு பக்கம் பிசகினால், அதே பிசகு மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் அதே பக்கம் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஏழும் பெரும்பாலும் சேர்ந்தே சாயும். சில்வரின் மாதிரியில் தனித்தனி முடிவுகளாக எடுத்துக்கொண்டால் மிக அதிக முறை வந்தது எது தெரியுமா? டிரம்ப் ஏழையும் வெல்வது. அதற்கு அடுத்தது, ஹாரிஸ் ஏழையும் வெல்வது. நாடு முழுவதும் எண்ணிய வாக்குகளில் இருவருக்கும் இடைவெளி 1.5 புள்ளிதான்.

நான் காப்பீட்டுத் துறையில் கணக்குப் போட்டுப் பிழைப்பவள். ஒரு லட்சம் வண்டிகளில் இந்த ஆண்டு ஏறத்தாழ எத்தனை மோதும் என்று என்னால் சொல்ல முடியும்; உங்கள் வண்டி மோதுமா என்று சொல்ல முடியாது. அதற்காக அலுவலகத்தில் யாரும் என்னைக் கோழை என்று அழைத்ததில்லை. சம்பளமே கொடுக்கிறார்கள்.

“சரியாகச் சொன்னவர்களும் இருக்கிறார்களே” என்று அந்தப் பந்தயக்காரப் பிரெஞ்சுக்காரரை எடுத்துக்கொண்டு வருவார்கள். உண்மைதான். அவர் டிரம்ப் மீது பணம் கட்டி எட்டுக் கோடி டாலருக்கு மேல் அள்ளினார் என்று செய்திகள் வந்தன. “உங்கள் அக்கம்பக்கத்தார் யாருக்கு வாக்களிப்பார்கள்?” என்று கேட்கும் தனிக் கருத்துக்கணிப்பைச் சொந்தச் செலவில் எடுத்தார் அவர். அவரை மதிக்கிறேன். மேடையில் என்னைக் கிண்டல் செய்த தொகுப்பாளர் எந்தக் கருத்துக்கணிப்பைச் சொந்தச் செலவில் எடுத்தார்?

உறுதியாகப் பேசியவர்களின் கதையையும் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். 2016இல் ஹிலாரி கிளிண்டன் வெல்வார் என்பது 99 விழுக்காடு உறுதி என்ற பிரின்ஸ்டன் பேராசிரியர் சாம் வாங், பந்தயத்தில் தோற்றுத் தொலைக்காட்சியில் சுவர்க்கோழிப் பூச்சியைத் தின்றார். ‘பதின்மூன்று சாவிகள்’ என்ற ஆம்-இல்லை கேள்விகளை வைத்துக்கொண்டு கணிக்கும் வரலாற்றுப் பேராசிரியர் ஆலன் லிக்ட்மேன் 2024இல் ஹாரிஸ் என்றார். ஐயோவாவில் பல ஆண்டுகள் நற்பெயர் எடுத்த கருத்துக்கணிப்பாளர் ஆன் செல்சர், தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை, ஹாரிஸ் மூன்று புள்ளி முன்னிலை என்று வெளியிட்டார். அங்கே டிரம்ப் வென்றதோ 13 புள்ளிகளில். அன்றிரவு அந்தச் செய்தியை இதயக் குறிகளுடன் எனக்கு அனுப்பியவர்கள்தான் இன்று “கருத்துக்கணிப்பே ஏமாற்று வேலை” என்கிறார்கள். ஏமாற்று வேலை என்றே டிரம்ப்பும் 2024 டிசம்பரில் செல்சர் அம்மையார் மீது வழக்குத் தொடுத்துவிட்டார். தான் எடுத்த கணிப்பு ஊரோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தும் மறைக்காமல் வெளியிட்டவர் அவர். ஊரோடு ஒத்துப்போவதற்காகத் தங்கள் எண்களைச் சமன் செய்துகொண்ட நிறுவனங்களும் இருந்திருக்கும் என்று சில்வரே சாடியிருந்தார். அவர்களை யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்கவில்லை.

இன்னொரு குற்றச்சாட்டுதான் என்னை உண்மையில் புண்படுத்தியது. “தமிழச்சி என்பதால் கமலா தோற்பார் என்று சொல்ல மனம் வரவில்லை” என்று ஒரு சாரார். “தமிழச்சியாக இருந்தும் கமலா வெல்வார் என்று சொல்ல வாய் வரவில்லை” என்று இன்னொரு சாரார். மன்னார்குடியிலிருந்து அம்மா தினமும் அழைத்தார். அவர் பேச்சில், கமலாவின் தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரம் தர்ம சாஸ்தா கோயில் அபிஷேகத்தைப் பற்றி ஒரு வரியாவது இருக்கும். “பொண்ணு ஜெயிச்சுடுமா?” என்பார். “சொல்ல முடியாதும்மா” என்றால், “அப்போ தோத்துடும்னு சொல்றே” என்பார். அம்மாவிடம் கோபித்துக்கொள்ள எனக்கு மனமில்லை; அவருக்கு வேண்டியிருந்தது ஆறுதல். நேரலையில் என்னிடம் வந்தவர்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்றால் நேராகவே கேட்டிருக்கலாம். விழுக்காடு கேட்டுவிட்டு, விழுக்காடு சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் என்ன செய்வது?

விழாவில் பொன்னாடை போர்த்தப்பட்ட அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன் மாதத்திலிருந்தே “டிரம்ப்தான்” என்று அடித்துச் சொன்னார், நடந்தது. வாழ்த்துகள். அதே மூச்சில் நியூஜெர்சியும் வர்ஜீனியாவும் டிரம்ப் பக்கம் சாயும் என்றும் அடித்துச் சொன்னார்; இரண்டிலும் ஹாரிஸ் வென்றார். 2020இலும் இதே அண்ணன் இதே தொனியில் “டிரம்ப்தான்” என்று எழுதியிருந்தார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கைக்குப் பொன்னாடை. மரத்தை அளந்து பார்த்து, இன்று விழலாம், விழாமலும் போகலாம் என்றவளுக்கு அரங்கு நிறைந்த சிரிப்பு.

கீழே வந்து “அப்படியென்றால் உங்களால் பயன் என்ன?” என்று எழுதப் போகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். 2028க்கான உங்கள் கணிப்பை, பெயரையும் எத்தனை விழுக்காடு உறுதி என்பதையும் சேர்த்து, இப்போதே இங்கே பதிந்துவிடுங்கள். நான் படம்பிடித்து வைத்துக்கொள்கிறேன். அண்ணனின் 2020 பதிவை நேற்றுத் தேடிப் பார்த்தேன், அழித்துவிட்டார்.