நியூட்ரலில் ஆடாத எஞ்சினுக்கு நாலு மவுண்டிங்

"அப்ப கியர்பொக்ஸைக் கழட்டிப் பாப்பம் அண்ண" என்று இன்று காலை வாழைச்சேனைத் துறைமுகத்தில் நின்று அந்த மெக்கானிக் சொன்னபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. என் படகு எஞ்சின் அதிர்கிறதென்று, அதைத் தாங்கும் இறப்பர்க் கால்களான மவுண்டிங் நாலையும் மாற்றிப் போன கிழமைதான் காசு வாங்கினார். அதிர்வு கொஞ்சமும் குறையவில்லை. "மாத்திப் பாப்பம்" என்ற சொல்லுக்குக் காசு கட்டாத படகுக்காரர் நம்மில் யார்?

முதல் நாளே தெளிவாகச் சொன்னேன். நியூட்ரலில் எவ்வளவு வேகம் கூட்டினாலும் எஞ்சின் சீராக ஓடுகிறது. கியரைப் போட்டு நிமிடத்துக்கு 1500 சுற்றைத் தாண்டிய பிறகுதான் எஞ்சின் பெட்டியின் மேல் வைத்த பிளேன்டீக் கோப்பை தானாக நகர்ந்து விளிம்புக்கு வருகிறது என்றேன். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடுகிறது. நியூட்ரலிலும் ஆடினால் மவுண்டிங்கைச் சந்தேகிக்கலாம், அல்லது இன்ஜெக்டர் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எதைத் தளர்த்தும்போது ஓட்டம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை என்று பிடிக்கலாம். கியர் போட்டால் மட்டும் ஆடுகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியவை படகைத் தள்ளும் விசிறி, அதைச் சுழற்றும் சாஃப்ட் என்ற தண்டு, அந்தத் தண்டைத் தாங்கும் பெயாரிங். அவரோ எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, "மவுண்டிங்" என்றார். தண்ணீருக்குள் ஆளை இறக்கிப் பார்ப்போம் என்றேன், "தேவையில்ல அண்ண." கியர்பொக்ஸையும் சாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி இடைவெளியை அளப்போம் என்றேன், அதற்கும் "தேவையில்ல அண்ண."

கழற்றிய பழைய மவுண்டிங்குகள் என் வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றன. இறப்பரில் ஒரு வெடிப்பு இல்லை, எண்ணெய் ஊறி உப்பவில்லை, இரும்பை விட்டு விலகவும் இல்லை.

மத்தியானம் அக்காவின் மகன் கத்தியோடு முங்கினான். விசிறிக்கும் பெயாரிங்குக்கும் நடுவே சுற்றி, உராய்ந்த சூட்டில் உருகிக் கட்டியாகிப் போன தங்கூசியை, அதாவது நைலோன் மீன்பிடி நரம்பை, ஒரு கைப்பிடி அளவு அறுத்துக்கொண்டு மேலே வந்தான். உடனே ஓட்டிப் பார்த்தோம். அதிர்வில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி அவர் புதிதாகத் தந்தது. மவுண்டிங்கை மாற்றினால் எஞ்சின் நிற்கும் உயரம் மாறும், ஆகவே அதைச் சாஃப்டோடு மறுபடி நேராக்க வேண்டும். அதுவும் படகு தண்ணீரில் மிதக்கும்போதே செய்ய வேண்டும், ஏனென்றால் கரையில் ஏற்றிய படகின் உடல் சற்று வளைந்தே நிற்கும். 4 அங்குலக் கப்ளிங்கின் இரண்டு முகங்களுக்கு இடையே ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் 0.1 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. அவர் கரையிலேயே நட்டுகளை இறுக்கிவிட்டு, இடைவெளி பார்க்கும் ஒரு மெல்லிய தகட்டைக்கூட உள்ளே விட்டு அளக்காமல் போனவர்.

வடகிழக்குப் பருவக்காற்றான வாடை தொடங்குவதற்கு இன்னும் சில கிழமைகளே இருக்க, நல்ல கடலில் ஆறு நாளை இழந்துவிட்டேன். கப்ளிங்கை நாளை நானே கழற்றி அளப்பேன். அதற்கு முன் அந்தத் தங்கூசிக் கட்டியை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்து, நாலு மவுண்டிங்கின் காசையும் எண்ணி வாங்காமல் திரும்பமாட்டேன்.