நம் வீட்டுக் கடலைக்கும் விலை உண்டு

கல்லல் பக்கம் எங்களுக்கிருக்கும் கொஞ்சம் மானாவாரி நிலத்தில் விளையும் நிலக்கடலையைக் காயாகவே வியாபாரிக்குப் போட்டுவிடுவதா, உடைத்துப் பருப்பாக விற்பதா, செக்கில் ஆட்டி எண்ணெயாக்கிக் காரைக்குடியில் விற்பதா என்ற பேச்சு, ஒவ்வோர் அறுவடை முடிந்ததும் எங்கள் வீட்டில் எழும். "நம்ம கடலைதானே அண்ணே, ஆட்டுக்கூலி போக வர்றதெல்லாம் லாபந்தான்" என்பது தம்பியின் கட்சி. இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் பலரும் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள் என்பது என் கருத்து.

உழவுக்கும் விதைக்கும் களைக்கும் பறிப்புக்கும் கொடுத்த பணம், ஏற்கெனவே செலவாகிவிட்டது; கடலையை எந்த வடிவில் விற்றாலும் அது மாறப்போவதில்லை. ஆகவே இந்த முடிவில் அதற்கு இடமில்லை. ஆனால் இன்றே விற்றால் கைக்கு வரக்கூடிய தொகையை நாம் செக்குக்குள் போடுகிறோம். அதுதான் எண்ணெயின் முதல் செலவு.

கணக்குக்காக ஒரு விலையை வைத்துக்கொள்வோம். காய் கிலோ 60 ரூபாய் என்றால் 100 கிலோவுக்கு 6,000 ரூபாய். அதை உடைத்தால் ஏறத்தாழ 70 கிலோ பருப்பு தேறும். கிலோ 95 ரூபாய்க்குப் போட்டு, உடைப்புக் கூலி 300 ரூபாயைக் கழித்தால் 6,350 ரூபாய். அந்தப் பருப்பை ஆட்டினால் சுமார் 30 லிட்டர் எண்ணெயும் 38 கிலோ புண்ணாக்கும் கிடைப்பதாகக் கொள்ளலாம். உடைப்பு, ஆட்டுக்கூலி, பாட்டில், வண்டிக்கூலி எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய் செலவு. புண்ணாக்கில் 1,520 ரூபாய் வரவு. எண்ணெய் லிட்டர் 260 ரூபாய்க்குப் போனால் நிகரமாக 7,320 ரூபாய் நிற்கும், ஆட்டியது சரி. 220 ரூபாய்க்குத்தான் போகிறதென்றால் 6,120 ரூபாய்தான். காயாக விற்பதைவிட 120 ரூபாய் கூடுதல் என்று தம்பி மகிழலாம். ஆனால் பருப்போடு நிறுத்தியிருந்தால் இன்னும் 230 ரூபாய் கிடைத்திருக்கும். உடைத்ததில் வந்த லாபம், ஆட்டியதில் வந்த நட்டத்தை மறைத்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு படியையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பர்மா வரை போய் வட்டிக்குக் கொடுத்து, பேரேடு எழுதி, ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்குப் போட்ட செட்டிநாட்டு வட்டாரம் இது. நான்கு மாதம் அலமாரியில் நிற்கும் எண்ணெய்க்கு மட்டும் வட்டி போட இங்கே யாருக்கும் தோன்றுவதில்லை. உறவுக்காரர்களுக்குக் கடனாகக் கொடுத்த பாட்டில்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவர்களும் இதைப் படிப்பார்கள்.

கூலியும் இப்படித்தான் காணாமல் போகிறது. கைமுறுக்கும் சீப்புச் சீடையும் சுட்டு விற்கும் ஆச்சி ஒருவரிடம் கணக்குக் கேட்டேன். அரிசி, எண்ணெய், விறகு என்று அடுக்கியவர், காலை முதல் அடுப்படியில் நின்ற தம் நேரத்துக்கு எதுவும் சொல்லவில்லை. வேறு வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலியைக் கழித்தால், அந்த லாபத்தில் பெரும்பகுதி அவருடைய கூலியேதான்.

சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்த கடலையை 'விற்க முடியாது, ஆட்டிவிடுவோம்' என்பதை மட்டும் நான் எந்தக் கணக்கிலும் ஏற்கமாட்டேன். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு பெரும்பாலும் புண்ணாக்கில் தங்கி, மாட்டின் வழியாகப் பாலுக்கு வரும். சுத்திகரிக்காத செக்கு எண்ணெயிலும் கொஞ்சம் நிற்கும்.

சொந்தமாகச் செக்கு வாங்குவது தம்பியின் அடுத்த யோசனை. 2020இல் தொடங்கிய ஒன்றிய அரசின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். மானியம் இயந்திரத்தின் விலையைக் குறைக்கும். மேலே போட்ட கணக்கில், பருப்பாக விற்பதற்கு ஈடாக எண்ணெய் லிட்டர் 228 ரூபாய்க்காவது போக வேண்டும்; அந்த விலைக்கு வாங்க ஆளை மானியம் தேடித் தராது.

இந்த ஆண்டு, வீட்டுத் தேவைக்கும் முன்பணம் கொடுத்த ஒன்பது வாடிக்கையாளர்களுக்கும் போதுமான அளவை மட்டும் ஆட்டுகிறோம். மிச்சம் பருப்பாகப் போகிறது. தம்பிக்கு இன்னும் மனம் ஆறவில்லை.